ஹந்தானை ஏற்றத்தில் இறங்கியவன்

விமலநாதனுடைய மொரிஸ் மைனர் ஏற்றங்களில் தகராறு பண்ணத் தொடங்கியது எண்பத்துமூன்றாம் ஆண்டு வைகாசி மாதத்தில். கட்டுக்கலையில் இருந்த வாடகை வீட்டிலிருந்து நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போய்வர அது ஒரு குறையும் வைக்கவில்லை. சமதரையில் சொன்ன சொல் கேட்டு ஓடும். ஏற்றம் ஒன்றைக் கண்டால் போதும், எஞ்சின் மட்டும் இரைந்து தெருவைக் கூட்டும். கார் நகர மனமில்லாமல் நகரும்.

அவர் அந்த அலுவலகத்தில் படவரைஞர். குளங்களையும் வாய்க்கால்களையும் கடதாசியில் கீறிக் கீறிப் பதினெட்டு வருடங்களைக் கண்டியிலேயே கழித்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவி சரோஜினிதேவியும் தம்பி ராஜலிங்கமும்தான் வீடு. ராஜலிங்கம் அவரைவிடப் பதினேழு வயது இளையவன். கோப்பாயில் தாயும் தகப்பனும் ஒரே வருடத்துக்குள் அடுத்தடுத்துப் போய்விட்டபோது அவனுக்கு ஒன்பது வயது. ஒரு சின்ன ரங்குப் பெட்டியோடு அண்ணனிடம் வந்து சேர்ந்தான். அவனுக்குச் சோறு ஊட்டியதும், காய்ச்சலுக்குக் கண்விழித்ததும், சைக்கிளும் பிறகு காரும் ஓட்டப் பழக்கியதும் விமலநாதன்தான். இப்போது அவன் தபால் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். வருகிற ஆவணியில் கலியாணம். பெண் கோப்பாயிலேயே படிப்பிக்கிற சிவமணி.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அண்ணனும் தம்பியும் காரை அக்குறணைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மாத்தளை வீதியிலிருந்து சற்று உள்ளே ஜவாஹிரின் கராஜ். விமலநாதன் காரை வாங்கிய நாளிலிருந்து அதில் கைவைத்தவர் ஜவாஹிர் ஒருவர்தான். தேவையில்லாமல் ஒரு ஆணி மாற்றச் சொல்லமாட்டார். அதனாலேயே அவரிடம் போவது.

ஜவாஹிர் முதலில் காருக்குக் கீழே படுத்து எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். கசிவில்லை. பிறகு கிளச் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். தொட்டவுடன் இறுகியது.

"கொஞ்சமாச்சும் சும்மா ஆடணும் சேர். இதுல ஆட்டமே இல்ல. அதுதானோ தெரியா. இருங்க, சரிபண்ணிப் பாப்பம்."

கம்பியைத் திருகிச் சரிபண்ணிவிட்டு எழுந்து, ஓட்டுநர் இருக்கையில் இருந்த ராஜலிங்கத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஹாண்ட்பிரேக்க நல்லா இழுங்க. டொப் கியர்ல போடுங்க. எஞ்சின கொஞ்சம் ஏத்தி, கிளச்ச மெதுவா விடுங்க."

நல்ல கிளச் என்றால் எஞ்சின் அந்த இடத்திலேயே திணறி நின்றுவிட வேண்டும். ராஜலிங்கம் காலை முழுவதும் எடுத்த பிறகும் எஞ்சின் ஒன்றும் நடவாததுபோல ஓடிக்கொண்டேயிருந்தது. அவன் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தான்.

"ஜவாஹிர் நானா, எஞ்சின் நிக்கேல்லை. நல்லதுதானே?"

"அது செத்தாத்தான் கிளச் உசிரோட இரிக்கி தம்பி. இது சாகுதில்லயே." ஜவாஹிர் கைகளைத் துடைத்துக்கொண்டு விமலநாதனிடம் வந்தார். "பிளேட் தேஞ்சி முடிஞ்சி சேர். இப்ப சரிபண்ணினது கொஞ்ச நாளைக்கி தாங்கும். அடுத்த கிழம நோன்பு தொடங்குது. அதுக்கு முன்ன எஞ்சின எறக்கி மாத்திடேலும். புது பிளேட் வெல கூட. பழைய பிளேட்டுக்கே புது லைனிங் அடிச்சும் போடேலும். அது பாதிச் செலவு."

விமலநாதன் யோசித்தார். கலியாணச் செலவுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எப்படியும் ஆவணியில் காரை யாழ்ப்பாணம் கொண்டுபோகத்தான் வேண்டும். அதற்கு முன்னர் மாற்றினால் போதும்தானே.

"அண்ணை, நான் தாறன். இப்பவே மாத்துவம்," என்றான் ராஜலிங்கம்.

"உன்ரை காசை நீ பொத்திக்கொண்டிரு. குடித்தனம் தொடங்கப் போறாய். அலுமாரி, கட்டில் எண்டு ஆயிரம் இருக்கு." ஜவாஹிரிடம் திரும்பினார். "ஓகஸ்ட் கடைசி மட்டும் இழுக்குமோ?"

ஜவாஹிர் காரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நீங்க தனிய கந்தோருக்கு போயி வந்தா இழுக்கும். ஏத்தத்துல ஆள் ஏத்தாதீங்க."

"அப்ப ஓகஸ்டில் பாப்பம்," என்றார் விமலநாதன்.

திரும்பி வரும்போது ராஜலிங்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியபிறகு, "அண்ணை, நீங்கள் உங்களுக்கெண்டு ஒண்டும் செலவழிக்கமாட்டியள்," என்றான். அதை அன்று அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஆடி மாதம். கொழும்பில் தமிழருடைய கடைகளும் வீடுகளும் எரிகின்றன என்ற செய்தி திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை கண்டியில் எல்லோரும் வேலைக்குப் போனார்கள், போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு நகரத்தின் நடுவிலிருந்து கறுப்புப் புகை எழும்பியது. விமலநாதனுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்த பண்டார வந்து அவருடைய தோளில் கைவைத்தார்.

"இப்போதே போ. வீட்டிலுள்ளவர்களை ஏற்றிக்கொண்டு நேரே என் வீட்டுக்குப் போய்விடு. மனைவிக்கு நான் டெலிபோனில் சொல்லிவிட்டேன்," என்றார் சிங்களத்தில்.

பண்டாரவின் வீடு ஹந்தானை ஏற்றத்தின் மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு அண்மையில் இருந்தது. அந்தப் பக்கம் வீடுகள் குறைவு.

விமலநாதன் வீட்டுக்கு வந்தபோது ராஜலிங்கம் முன்னரே வந்து கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பத்மாதேவி தன் இரண்டு பெண் குழந்தைகளோடு சரோஜினிதேவியின் கையைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய கணவன் வேலை விஷயமாகக் கொழும்புக்குப் போயிருந்தான். அவளுக்கு எட்டு மாதம்.

"இவையையும் கூட்டிக்கொண்டு போவம். விட்டிட்டுப் போகேலாது," என்றாள் சரோஜினிதேவி.

விடுவதென்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை. ஆறு பேரும் ஏறினார்கள். கார் கீழே அமிழ்ந்தது. ஆஸ்பத்திரிப் பக்கமாகச் சுற்றி ஹந்தானை வீதியில் திருப்பும்போதுதான் விமலநாதனுக்கு ஜவாஹிர் சொன்னது நினைவு வந்தது. நினைவு வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முதல் கியரில் போட்டு மிதித்தார்.

முதலாவது வளைவை எப்படியோ ஏறிவிட்டது. இரண்டாவது வளைவின் நடுவில் எஞ்சின் அலறத் தொடங்கியது. கார் அசையவில்லை. எரிந்த நாற்றம் ஒன்று உள்ளே வந்தது. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். கார் பின்னால் வழுக்கவும் விமலநாதன் பிரேக்கை அமுக்கினார். கீழே எங்கேயோ கூச்சல் கேட்டது. கிட்டவா எட்டவா என்று சொல்ல முடியாத கூச்சல்.

ராஜலிங்கம் கதவைத் திறந்தான்.

"நான் இறங்கித் தள்ளிவிடுறன் அண்ணை. நகர்ந்தால் நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டினால் பேந்து எடுக்கேலாது."

"நானும் இறங்குறன் தம்பி," என்று சரோஜினிதேவி எழும்பப் பார்த்தாள்.

"நீங்கள் இருங்கோ அண்ணி. பிள்ளையளைப் பிடியுங்கோ. இன்னும் முக்கால் மைல்தானே, நான் நடந்து வாறன்."

அவனுக்கும் கார் ஓட்டத் தெரியும். அண்ணனைவிட நன்றாகவே ஓட்டுவான். 'நீ வந்து ஸ்டியரிங்கைப் பிடி, நான் இறங்குகிறேன்' என்று சொல்ல விமலநாதனுக்கு வாய் இருந்தது. அதற்கு ஒரு நிமிடம்கூடப் பிடித்திராது. அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை தன்னைத்தானே கேட்டார். அந்த நேரத்தில் அவருடைய கை ஸ்டியரிங்கில் இருந்தது, அவ்வளவுதான். வேறு காரணம் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவேயில்லை.

ராஜலிங்கம் பின்னால் போய் முழுப் பலத்தோடு தள்ளினான். கார் ஒரு முழம் நகர்ந்தது. பிறகு மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டு ஏறியது. "நிப்பாட்டாதேங்கோ! போங்கோ!" என்ற குரல் பின்னால் கேட்டது. கண்ணாடியில் பார்த்தார். முழங்கால்களில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, போகச் சொல்லிக் கையை வீசினான். முகத்தில் சிரிப்பு இருந்தது. வளைவு வந்து அவனை மறைத்தது.

பண்டாரவின் வீட்டு வாசலில் கார் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கியரிலும் அது ஒரு அங்குலம் நகரவில்லை. பண்டாரவின் மனைவி பத்மாதேவியையும் குழந்தைகளையும் உள்ளே கூட்டிப்போனாள். கால் மணித்தியாலம் கழிந்தது. அரை மணித்தியாலமும் கழிந்தது. விமலநாதன் நடந்து இறங்கத் தொடங்கினார். பாதி வழியில் அலுவலக ஜீப்பில் பண்டார எதிரே வந்து அவரை வலுக்கட்டாயமாக ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"கீழே கும்பல் நிற்கிறது. நீ போகாதே. நான் போய்ப் பார்க்கிறேன்."

அவர் போனார். தனியாகத் திரும்பி வந்தார்.

வியாழக்கிழமை பண்டார ஊரடங்குப் பாஸ் ஒன்று எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பின்னேரம் வந்து கதிரையில் உட்கார்ந்தவர் மனைவி நீட்டிய தேத்தண்ணீரை வாங்கவில்லை. பாதையோரத்து வீட்டுக்காரர் ஒருவர் கண்டதை அவர் கேட்டு வந்திருந்தார். கீழிருந்து வந்தவர்கள் ராஜலிங்கத்தை மறித்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய சிங்களம் சுத்தமானது. ஏறக்குறைய விட்டுவிட்டார்களாம். பிறகு ஒருவன் அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறான்.

"நான் பார்த்தேன் விமல். அவன்தான்," என்றார் பண்டார.

உடலைக் கொடுக்கவில்லை. மற்ற உடல்களோடு சேர்த்து எரித்துவிட்டதாகப் பிறகு தெரியவந்தது. விமலநாதன் வளர்த்த பிள்ளைக்கு அவர் ஒரு கொள்ளிகூட வைக்கவில்லை.

கட்டுக்கலை வீடும் எரிந்துபோயிருந்தது. பண்டாரவின் வீட்டில் ஒன்பது நாள், பிறகு பள்ளிக்கூடத்து முகாமில் கொஞ்ச நாள், அதன்பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பஸ். கோப்பாயில் சரோஜினிதேவியின் தமையன் வீட்டில் ஒரு அறை கிடைத்தது. துக்கம் விசாரிக்க ஊர் முழுக்க வந்தது. எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள், விதி என்று. சரோஜினிதேவியும், "உங்களிலை ஒரு பிழையும் இல்லை, யோசியாதேங்கோ," என்றாள். அவளுக்கு ஆனி மாதத்துச் சனிக்கிழமை தெரியாது. தம்பி காசு தருகிறேன் என்று சொன்னதும், தான் வேண்டாமென்றதும் விமலநாதனைத் தவிர அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சிவமணியின் வீடு நாலு ஒழுங்கை தள்ளி இருந்தது. சரோஜினிதேவி போய் அழுதுவிட்டு வந்தாள். விமலநாதன் போகவில்லை. அந்த ஒழுங்கையால் நடப்பதையே விட்டுவிட்டார்.

கார்த்திகை மாதம் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. வேலையை ஒப்படைக்கக் கண்டிக்குப் போனார். மொரிஸ் மைனர் பண்டாரவின் கொட்டிலில் தூசி படிந்து நின்றது.

"இருக்கிறபடியே விற்றுவிடு. கிடைப்பது கிடைக்கட்டும். இதைப் பார்த்துக்கொண்டிராதே," என்றார் பண்டார.

"இல்லை. திருத்தவேண்டும்," என்றார் விமலநாதன்.

காரணத்தைப் பண்டார கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விமலநாதனுக்குச் சொல்லத் தெரிந்திராது. கிளச்சைக் கழற்றி அந்தப் பிளேட்டைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஒன்றுதான் அவருடைய மனதில் இருந்தது.

ஜவாஹிர் தன்னுடைய பழைய ஜீப்போடு மேலே வந்தார். விமலநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கயிற்றைக் கட்டினார். ஜீப் முன்னால் இறங்க, கார் பின்னால் இறங்கியது. இரண்டாவது வளைவு வந்தபோது விமலநாதனின் கால் தானாகப் பிரேக்கை அமுக்கியது. கயிறு விறைத்து ஜீப் குலுங்கி நின்றது. ஜவாஹிர் இறங்கி வந்து யன்னலால் குனிந்து பார்த்தார்.

"இங்கயா சேர்?"

"ஓம்."

ஜவாஹிர் பாதையோரம் போய் நின்று இரண்டு கைகளையும் ஏந்தித் துஆச் செய்தார். மேலே தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் வேலையை நிறுத்தி அதைப் பார்த்தார்கள். விமலநாதனால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. கதவின் கைபிடியைப் பிடித்தபடியே இருந்தார்.

கராஜில் ஒரு சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். ஜவாஹிரின் மனைவி றலியா சோறு கொடுத்தனுப்பினாள். அதை ஒருவரும் தொடவில்லை. ஜவாஹிர் ஆறு போல்ட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கவரை எடுத்து, கிளச் பிளேட்டை விமலநாதனின் கையில் வைத்தார். விரித்த உள்ளங்கையைப்போல இரண்டு மடங்கு அகலமான ஒரு தகட்டு வட்டம். இரண்டு பக்கமும் இருந்திருக்கவேண்டிய லைனிங் கடதாசி அளவுக்குத் தேய்ந்து கருகியிருந்தது. ரிவிட்டுகளின் தலைகள் வெளியே தள்ளி மினுங்கின. எஞ்சின் பக்கத்துப் பிளைவீலில் அவை வட்டமாகக் கோடு கீறியிருந்தன. சூட்டில் அது நீலம் பாய்ந்திருந்தது.

விமலநாதன் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாலு மாதமாகச் சுமந்த கேள்வியைக் கேட்டார்.

"ஜவாஹிர், அண்டைக்கே மாத்தியிருந்தால் ஏறியிருக்குமோ?"

ஜவாஹிர் தரையைப் பார்த்தார்.

"ஆறு பேரோடை. உள்ளதைச் சொல்லும்."

"ஏறிருக்கும் சேர்." தலையை நிமிர்த்தினார். "ஆறு பேரோடயும் நிக்காம ஏறிருக்கும். றலியா காலயில சொன்னா, அந்த மனுசன் கேட்டா ஏறாதுன்னு சொல்லுங்க, பாவம்னு. அந்த பொய்ய சொல்ல எனக்கு ஏலா. இந்த பிளேட்ட கையில வெச்சிக்கிட்டு ஏலவே ஏலா."

விமலநாதன் தலையை ஆட்டினார். விதி என்று சொல்லாத முதல் மனிதர் இவர்தான். அந்தப் பதில் நெஞ்சில் இறங்கியபோது வலித்தது. ஆனாலும் நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் தன்னோடு உண்மையாகப் பேசுகிறார் என்று இருந்தது.

ஜவாஹிர் எழுந்துபோய் மேல்தட்டிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார்.

"இன்னொண்டும் இரிக்கி சேர். இத நான் சொல்லாம இருந்தா ஹராம். நோன்பு காலத்துல ஒங்கட தம்பி தனிய பஸ்ஸுல வந்தாரு. சல்லிய கையில திணிச்சிட்டு, 'புது பிளேட்டே வாங்கி போடுங்க நானா, அண்ணைக்கி சொல்லாதீங்க, கேட்டா பழசுதான் சரிபண்ணினதுன்னு சொல்லுங்க'ன்னாரு. அடுத்த நாளே கார எப்பிடியாச்சும் கொண்டாறன்னாரு. நான்தான்..." அவர் கையிலிருந்த பொட்டலத்தைத் திருப்பினார். "நோன்பு களைப்பு சேர். எஞ்சின் எறக்குற வேல. பெருநாள் கழியட்டும், முப்பதாந் தேதி சனிக்கிழம கொண்டாங்கன்னு நான்தான் சொன்னேன். ஒரு நாள் வேல. ஒரே ஒரு நாள் வேலய தள்ளிப் போட்டேன்."

செய்தித்தாளைப் பிரித்தார். எண்ணெய்ப் பசையோடு ஒரு புதுப் பிளேட் உள்ளே இருந்தது.

முப்பதாந் தேதி சனிக்கிழமை. தம்பி இறங்கித் தள்ளிய செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள் பிந்தி.

விமலநாதன் அந்தப் பிளேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பண்டார வந்து சொன்ன அன்று அழாதவர், துக்கத்துக்கு வந்தவர்களின் முன்னால் அழாதவர், எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தரையில் உட்கார்ந்து, "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று அழுதார். ஜவாஹிர் பக்கத்தில் குந்தி அவருடைய முதுகில் கையை வைத்திருந்தார். அவரும் அழுதார். வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த றலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் இருவருமாக வேலை செய்தார்கள். பிரஷர் பிளேட்டுக்கு ஜவாஹிர் உடைந்த கார் ஒன்றிலிருந்து நல்லதாக ஒன்றைத் தேடிப்பிடித்திருந்தார். பிளைவீலைக் கடைசல்காரரிடம் கொடுத்துக் கோடுகளைக் கடைந்தெடுப்பித்தார். பிளேட்டைத் தவிர, கார்பன் பெயரிங் ஒன்றுதான் புதிது. "பிளேட்டை நானே வைக்கிறன்," என்றார் விமலநாதன். ஜவாஹிர் ஒரு பழைய கியர்த் தண்டைக் கொடுத்து, அதை நடுவில் செருகிப் பிளேட்டை நேராகப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். கொஞ்சம் விலகினாலும் எஞ்சின் கியர்ப்பெட்டியோடு போய்ச் சேராது. கோடு கீறிப் பழகிய கை. முதல் தடவையிலேயே நடுவில் இருந்தது.

பின்னேரம் எஞ்சினை இறக்கிப் பூட்டிவிட்டு, ஹாண்ட்பிரேக்கை இழுத்து டொப் கியரில் போட்டுக் கிளச்சை விட்டார்கள். எஞ்சின் ஒரே ஒரு உதறலோடு செத்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கூலியென்று ஜவாஹிர் ஒரு சதம் வாங்க மறுத்துவிட்டார்.

"சேர், என்ன மன்னிக்கேலுமா?" என்று மட்டும் கேட்டார்.

"நீர் நாலு நாள் பிந்தினீர். நான் ஒண்டரை மாசம் பிந்தினனான் ஜவாஹிர்," என்றார் விமலநாதன். "ஆரை ஆர் மன்னிக்கிறது?"

ஆனாலும் போகும்போது அவரைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

பலகடுவ மலையை மொரிஸ் மைனர் ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அது அப்படிச் சுலபமாக ஏறியது அவரைக் கொன்றது. மாத்தளையில் ஓரமாக நிறுத்தி ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. இரவு வவுனியாவில் தங்கினார். அடுத்த நாள் ஆனையிறவில் இராணுவம் மறித்துச் சோதித்தது. மத்தியானம் கழிந்து கோப்பாய்க்குள் நுழைந்தார். மைத்துனன் வீட்டுக்குப் போகவில்லை. நாலு மாதமாகத் தவிர்த்த ஒழுங்கைக்குள் காரைத் திருப்பி, சிவமணி வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

சிவமணி பள்ளிக்கூடத்தால் வந்து கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒடிசலான பெண். இருபத்துநாலு வயது. அவரைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள். அவளுடைய தகப்பன் வெற்றிலைத் தட்டத்தை நகர்த்தி வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமலநாதன் எல்லாவற்றையும் சொன்னார். ஆனி மாதத்துச் சனிக்கிழமையை, தம்பி காசு தருகிறேன் என்றதை, தான் வேண்டாமென்றதை, இரண்டாவது வளைவை, தான் இறங்காமல் இருந்ததை, செய்தித்தாளில் சுற்றியிருந்த பிளேட்டை. தனக்குச் சாதகமாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை சிவமணி கையிலிருந்த சிவப்புப் பேனையின் மூடியைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தாள்.

"இறங்கேக்கை அவர் கோவமா இருந்தவரோ அத்தான்?"

"இல்லைப் பிள்ளை. சிரிச்சவன்."

"பயந்தவரோ?"

"பயந்ததை எனக்குக் காட்டேல்லை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொப்பியில் ஒரு பிள்ளையின் கணக்குக்குப் பாதி போட்ட சரி அடையாளம் இருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"வந்து சொன்னது நல்லது. எல்லாரும் எனக்கு வேறை வேறை கதை சொல்லினம். நீங்கள்தான் உள்ளதைச் சொன்னனீங்கள்." கொப்பியை மூடினாள். "உங்களிலை எனக்குக் கோவமில்லை எண்டு சொல்லத்தான் வேணும். சொல்ல வருகுதில்லை. குறை நினையாதேங்கோ. இனி இஞ்சை வராதேங்கோ அத்தான். உங்களுக்கு அவரின்ரை முகம். உங்களைக் காணக் காண என்னாலை ஏலாது."

"சரி பிள்ளை," என்றார் விமலநாதன்.

எழுந்து வெளியே வந்தார். காரில் ஏறி எஞ்சினை இயக்கிக் கிளச்சை அமுக்கிக் கியரைப் போட்டார். காலை எடுக்க வரவில்லை. எடுத்தால் கார் நகர்ந்துவிடும். நகர்ந்தால் இந்த வீட்டுக்கும் ராஜலிங்கத்துக்கும் இருந்த கடைசித் தொடுப்பும் அறுந்துவிடும் என்று இருந்தது. கால் விறைக்கும்வரை பெடலை அமுக்கியபடியே இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

சிவமணி படியால் இறங்கி வந்தாள். முற்றத்தைக் கடந்து, பாதி சாத்தியிருந்த படலையை அகலத் திறந்து, கார் உரசாமல் போவதற்காக அதை இரண்டு கைகளாலும் வேலியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் போகும்வரை அப்படியே நிற்பாள் என்று தெரிந்தது.

அவர் காலை மெல்ல எடுத்தார். கார் ஒழுங்கைக்குள் இறங்கியது. பின்னால் அவள் படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போடும் சத்தம் கேட்டது.